நம் பள்ளி நூலகர் சங்கத்தின் அடுத்த ஆண்டுப் பணித்திட்டம்: எதை முதலில் வைப்பது?

செயலாளர், காரைக்குடி

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். மே மாதப் பொதுக்குழுவுக்கு முன்பாகவே அடுத்த ஆண்டுப் பணித்திட்டத்தை இங்கே பேசி ஓரளவு வடிவம் கொடுத்துவிட்டால், கூட்டத்தன்று வரவு செலவு வாசிப்பதிலேயே பொழுது போய்விடாது என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கடந்த ஆண்டு நாம் செய்தவற்றைக் கூட்டிப் பார்த்தேன். ஆகஸ்ட் 12 அன்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் பிறந்தநாளை நூலகர் நாளாகக் கொண்டாடினோம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரத்தில் பேச்சுப் போட்டியும் ஓவியப் போட்டியும் நடத்திப் பரிசளித்தோம். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாளுக்கு ஒரு கருத்தரங்கம். மூன்றும் நன்றாகவே நடந்தன. உழைத்தவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் சங்கத்தின் கையிருப்பில் பெரும்பங்கும் நம் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதியும் அந்த மூன்று நிகழ்ச்சிகளிலேயே செலவாகிவிட்டன என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சனவரியில் நானும் இன்னும் இரண்டு உறுப்பினர்களும் சுற்றுவட்டாரத்தில் சில பள்ளிகளைப் பார்த்து வந்தோம். அவற்றுள் ஒன்று இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. தலைமையாசிரியர் அறையில் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு பீரோ. அதற்குள் புத்தகங்கள், வந்த நாளில் கட்டியிருந்த சணல் கயிறுகூட அவிழ்க்கப்படாமல், கட்டுக்கட்டாக இருந்தன. சாவியைக் கேட்டதும் அவர் முகம் சுளிக்காமல் திறந்து காட்டினார். வழங்கல் பதிவேட்டைக் கேட்டேன். நீளநோட்டு ஒன்றை எடுத்துத் தந்தார். அட்டை போட்டு, பள்ளியின் பெயர் எழுதி, வரிசை எண், நாள், மாணவர் பெயர், வகுப்பு, நூற்பெயர், கையொப்பம் என்று சிவப்பு மையால் கோடு கிழித்து, எல்லாம் ஒழுங்காக இருந்தது. அந்தக் கோடுகளுக்குள் ஒரு பெயர்கூட இல்லை. "பிள்ளைகள் தொலைத்துவிட்டால் யார் ஐயா கட்டுவது?" என்று அவர் கேட்டார். அவர் சோம்பலால் பூட்டி வைக்கவில்லை, அச்சத்தால் பூட்டி வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதை ரங்கநாதன் தம் ஐந்து விதிகளுள் முதல் விதியாக வைத்து 1931இல் வெளியிட்டார். அவருடைய பிறந்தநாளை ஆண்டுதோறும் கொண்டாடும் நாம், அந்த முதல் விதிக்கே தடையாக நிற்கும் இந்த அச்சத்தைப் பற்றிச் சங்கமாகக் கூடி ஒருமுறையும் பேசியதில்லை. எனவே வரும் ஆண்டில் ஒன்றையே முதல் வேலையாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. புத்தகம் தொலைவதை நேர்மையாகக் கையாளும் ஒரு நடைமுறையை எழுத்தில் உருவாக்கி, கல்வித்துறை அலுவலர்கள் முன் வைத்து, ஜூனில் பள்ளி திறக்கும்போதே பீரோக்களைத் திறக்கச் செய்ய வேண்டும். உங்கள் கருத்துகளை மறைக்காமல் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற நூலகர், தேவகோட்டை

செயலாளர் தம்பிக்கு வணக்கம். 34 ஆண்டு ஒரு மேல்நிலைப் பள்ளி நூலகத்தில் இருந்தவள் என்ற முறையில், நீங்கள் தொட்டிருப்பதுதான் உண்மையான புண் என்று சொல்கிறேன். ஆனால் ஜூனுக்குள் முடியும் என்று எண்ணாதீர்கள். அலுவலகத்தில் ஒரு கோப்பு நகரும் வேகம் எனக்குத் தெரியும்.

நான் ஓய்வுபெற்றபோது நிலுவையின்மைச் சான்றுக்காக இருப்பைச் சரிபார்த்தார்கள். பதிவேட்டில் 6,200 நூல்கள். அலமாரியில் 63 குறைவு. அந்த 63இல் பாதிக்கு மேல் நான் பணியில் சேர்வதற்கு முன்பே போனவை என்று எனக்கு உறுதியாகத் தெரியும். எழுத்தில் சான்று இல்லாததால் முழுத்தொகையும் நானே கட்டினேன். தொகை பெரிதில்லை. ஆனால் அத்தனை ஆண்டு பிள்ளைகள் கையில் புத்தகத்தைக் கொடுத்துப் பழகிய ஒருத்தியைக் கடைசி நாளில் கணக்குத் தீர்க்காதவளாக நிற்க வைத்தது எனக்கு ஆறவே இல்லை. அன்று எனக்குத் தெரியாத ஒன்றைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அதை எல்லாரும் அறிய வேண்டும்.

மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017இல் 215ஆம் விதி நூலக இருப்பைப் பற்றியது. 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு நடத்த வேண்டும் என்றும், ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஒவ்வோர் ஆயிரம் நூலுக்கும் 5 நூல் வரை ஏற்படும் இழப்பை, அதில் நேர்மையின்மையோ கவனக்குறைவோ இல்லாத பட்சத்தில், இயல்பானதாகக் கொள்ளலாம் என்றும் அது சொல்கிறது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும், விலை எதுவாயினும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இதில் எண்ணிக்கையைவிட, அது எதைக் கொண்டு கணக்கிடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆயிரத்துக்கு ஐந்து என்பது இருப்பில் உள்ள நூலுக்கு அன்று, வழங்கிய நூலுக்கு. ஓராண்டில் 4,000 முறை வழங்கிய பள்ளிக்கு 20 நூல் வரை இழப்பு ஏற்கத்தக்கது. ஒரு முறையும் வழங்காத பள்ளிக்கு ஒரு நூல் இழப்பும் ஏற்கத்தக்கதன்று. கொடுப்பவருக்குத்தான் அந்த விதி பாதுகாப்பு அளிக்கிறது. பூட்டி வைப்பவருக்கு அன்று. நம் பள்ளிகளில் பலர் இதை நேர்மாறாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அது மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி. நம் பள்ளிகள் மாநிலத் துறையின் கீழ் வருவதால் அதை நேரடியாக எடுத்துக்காட்டி உரிமை கோர முடியாது. ஆனால் முன்மாதிரியாக வைத்துக் கேட்கலாம். கேட்பதற்கு முன் நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரலில் இருப்பைச் சரிபார்த்து, அந்த ஆண்டின் இழப்பை அந்த ஆண்டே எழுதித் தலைமையாசிரியரின் கையொப்பம் பெற வேண்டும். முப்பது ஆண்டு இழப்பு ஒருவர் தலையில் ஒரே நாளில் விழுவதற்குக் காரணம் பிள்ளைகள் அல்லர். எழுதாமல் விட்ட ஆண்டுகளே.

பொறுப்பாசிரியை, கானாடுகாத்தான் பக்கம்

அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நன்றி.

நான் நூலகர் இல்லை. நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியை. என் 28 பாடவேளைகளோடு நூலகமும் என் பொறுப்பில் இருக்கிறது. நம் பகுதியில் பெரும்பாலான பள்ளிகளில் நூலகர் பணியிடமே இல்லை என்பதும், என்னைப் போன்றவர்கள்தாம் அந்தச் சாவியை வைத்திருக்கிறோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் சங்கத்தின் விதிப்படி நூலகவியலில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்தாம் உறுப்பினராகலாம். நீங்கள் யாருடைய அச்சத்தைப் போக்க நினைக்கிறீர்களோ அவர்களில் பலர் உங்கள் கூட்டத்துக்கே வர முடியாத நிலையில் இருக்கிறோம். இந்த இழையில்கூட ஒரு தோழி அழைத்ததால்தான் எழுதுகிறேன். விதியைத் திருத்துவதும் இவ்வாண்டு வேலைகளில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்ததாக, எங்களுக்கு வேண்டியது உரையன்று, கைவேலைப் பயிற்சி. தமிழக அரசுப் பள்ளிகளில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வருகின்றன. பிள்ளைகள் மிகவும் விரும்பிப் படிக்கிறார்கள். 'நுழை' புத்தகத்தைத் தொடவே தயங்கிய ஒரு பையன் ஒரே பருவத்தில் 'ஓடு' வரை வந்ததை நானே பார்த்தேன். ஆனால் அவை நடுவில் இரண்டு கம்பிப் பின் அடித்த மெல்லிய நூல்கள். முதுகு இல்லாததால் எண் ஒட்ட இடமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்ததும் பின் துருப்பிடித்து, நடுத்தாள் கழன்று, மற்றொரு புத்தகத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பதிவேட்டில் இதைத் தொலைந்ததாக எழுதுவதா, கிழிந்ததாக எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் நானே ஒரு வழி கண்டேன். பின்னைக் கழற்றிவிட்டு, மடிப்பில் மூன்று துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்தேன். நடுத் துளையில் உள்ளிருந்து வெளியே, மேல் துளையில் வெளியிலிருந்து உள்ளே, கீழ்த் துளையில் உள்ளிருந்து வெளியே, மறுபடி நடுத் துளை வழியாக உள்ளே வந்து, உள்ளே ஓடும் நீள இழை நடுவில் அகப்படும்படி இரண்டு முனைகளையும் முடிச்சிட வேண்டும். ஒரு புத்தகத்துக்கு நான்கு நிமிடம் பிடிக்கிறது. ஏழாம் வகுப்புப் பெண்கள் என்னைவிட வேகமாகத் தைக்கிறார்கள். சென்ற ஆண்டு தைத்த 40 புத்தகங்களில் ஒன்றிலும் இதுவரை தாள் கழலவில்லை.

பள்ளத்தூர் நூலகர்

நான் தனியார் பள்ளியில் இருக்கிறேன். பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டு ஆகிறது. செயலாளர் ஐயாவின் கருத்தில் ஒரு பகுதியை மறுக்க விரும்புகிறேன், பொறுத்தருள்க.

விழாக்களைக் குறைப்பது தவறு. பள்ளி நூலகருக்கான சங்கங்கள் உலகில் பல இடங்களில் நெடுங்காலமாக இயங்குகின்றன. அவை ஓராண்டில் என்ன செய்கின்றன என்று தேடிப் படித்தேன். அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கம் 1951 முதல் அந்நாட்டு நூலகச் சங்கத்தின் ஒரு பிரிவாக உள்ளது. 1985 முதல் ஒவ்வோர் ஏப்ரலையும் பள்ளி நூலக மாதமாகக் கொண்டாடுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேசிய மாநாடு கூட்டுகிறது. 1971இல் தொடங்கிய பன்னாட்டுப் பள்ளி நூலகவியல் சங்கத்துக்கு அக்டோபர் மாதம். கொண்டாட்டத்தை அவர்கள் கைவிடவில்லை. ஆனால் அதோடு நிற்பதும் இல்லை. பள்ளி நூலகம் எப்படி இருக்க வேண்டும், நூலகர் மாணவருக்கு என்ன கற்பிக்க வேண்டும் என்று தரநிலைகளை எழுதி வெளியிடுகிறார்கள். அமெரிக்கச் சங்கம் 2017இல் புதிய தரநிலைகளைக் கொண்டுவந்தது. பள்ளி நிர்வாகத்திடம் போய் நூலகம் ஏன் வேண்டும் என்று பேச உறுப்பினர்களைப் பழக்குகிறார்கள்.

அவர்களுடைய நிலைமை வேறு, நம்முடையது வேறு. இருந்தாலும் ஒன்று எனக்குப் பயன்பட்டது. விழாவை நூலகத்துக்கு வெளியே நடத்தாமல் நூலகத்தின் வேலையையே விழாவாக்கலாம். என் பள்ளியில் இரண்டு ஆண்டாக நவம்பர் 14 அன்று பேச்சுப் போட்டி வைப்பதில்லை. அன்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். 20ஆம் தேதி திருப்பித் தர வேண்டும். முதல் ஆண்டு 412 புத்தகம் போயிற்று, 409 திரும்பியது. இந்த மூன்றைக் காட்டித்தான் என் நிர்வாகத்தை அடுத்த ஆண்டுக்கு இணங்க வைத்தேன்.

நூல் அடுக்கும் முறையைப் பற்றியும் சங்கம் ஒரு முடிவுக்கு வர வேண்டும். நூல்களைப் பாடவாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி பகுப்பில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811இன் கீழ் வருகிறது. பல்கலைக்கழக நூலகத்துக்கு அது சரி. ஆனால் பள்ளியில் பாதி அலமாரி தமிழ்க் கதையாக இருக்கும்போது, ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் ஒரே எண்ணை ஒட்டி வைத்தால் நாலாம் வகுப்புப் பிள்ளை எதைக் கண்டு எடுக்கும்? நான் பதிவேட்டில் எண்ணை எழுதிவிட்டு, அலமாரியில் வண்ணத் தாள் ஒட்டியிருக்கிறேன்: விலங்குக் கதைக்குப் பச்சை, நாட்டுப்புறக் கதைக்கு மஞ்சள், அறிவியலுக்கு நீலம்.

கணினிப் பட்டியலில் இன்னொரு சிக்கல். கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் ஒருங்குறியின் (யூனிகோடு) வரிசைப்படி மென்பொருள் அடுக்கும்போது நம் அகரவரிசை குலைந்துபோகிறது. அந்த வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ழ என்பது வ-வுக்கு முன்னும் இருப்பதால், 'கனவு' என்று தொடங்கும் நூல் 'கப்பல்' என்பதற்கு முன்னால் வருகிறது. 'கழுகு' என்பது 'கவிதை'க்கு முன்னால் வருகிறது. அகராதி பார்க்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் வகுப்பில் ஒன்று சொல்ல, நூலகத்துப் பட்டியல் வேறொன்று சொல்கிறது. ஆசிரியர் பெயரிலும் இதே குழப்பம்தான். முன்னெழுத்தால் தேடுவதா, பெயரால் தேடுவதா என்று பள்ளிக்குப் பள்ளி வேறுபடுகிறது. இதற்கெல்லாம் இரண்டு பக்கத்தில் ஒரு பொது முறையை நாம் எழுதிக்கொள்ளலாமே.

செயலாளர், காரைக்குடி

பள்ளத்தூர் நூலகர் சொன்னதை ஏற்கிறேன். விழாவைக் குறைக்க வேண்டும் என்று நான் எழுதியதைவிட, விழாவை வழங்கலாக மாற்ற வேண்டும் என்று நீங்கள் எழுதியது மேலானது. அந்த 412, 409 எண்களை நம் விண்ணப்பத்தில் சேர்க்க அனுமதி தாருங்கள். பள்ளியின் பெயரைக் குறிப்பிட மாட்டோம். அகரவரிசையும் ஆசிரியர் பெயர் முறையும் முக்கியந்தான் என்றாலும், திறக்காத பீரோவில் எந்த வரிசையில் அடுக்கினால் என்ன? அதை இரண்டாம் பருவத்துக்கு வைத்துக்கொள்வோம்.

பொறுப்பாசிரியைக்கு: உறுப்பினர் விதித் திருத்தத்தை நானே பொதுக்குழுவில் முன்மொழிகிறேன். நீங்கள் வெளியே நிற்க நேர்ந்ததற்குச் சங்கத்தின் சார்பில் வருந்துகிறேன்.

பழைய வீடுகளிலிருந்து பள்ளிகளுக்கு வரும் நன்கொடை நூல்களை என்ன செய்வது என்று பலர் தனியே கேட்கிறார்கள். கோட்டையூர் அண்ணன் எழுதினால் நன்றாக இருக்கும்.

கோட்டையூர் அண்ணன்

நான் உதவிபெறும் பள்ளி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். சென்ற தை மாதம், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காகப் பங்காளிகள் எல்லாரும் ஊருக்கு வந்திருந்த சமயத்தில், எங்கள் பள்ளியில் படித்த ஒருவரின் தாயார் சொல்லி அனுப்பினார். போனேன். முகப்பைத் தாண்டி, வளவு என்னும் நடுமுற்றத்தைத் தாண்டி, இரண்டாம் கட்டில் ஓர் அறையை ஆச்சி திறந்து காட்டினார். தேக்கு மரப் பெட்டகம் ஒன்றில் மேலே பட்டுத்துணி சுற்றிய பேரேடுகள். பர்மாவில் நடந்த கொடுக்கல் வாங்கல் கணக்கு. கீழே புத்தகங்கள். "ஐயா படிச்சது. சந்தைக்காரன் எடைக்குக் கேட்டான், மனசு வரல. பிள்ளைகளுக்குக் கொடுங்க" என்றார் ஆச்சி.

மேலே இருந்த புத்தகத்தை விரித்ததும் தாள் நடுவில் ஊசி குத்தியது போன்ற சிறு துளைகள், முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரே நேர்கோட்டில் போயிருந்தன. மடிப்பை உலுக்கினால் மாவு போல் உதிர்ந்தது. இன்னொன்றில் அட்டையின் மேல்தோலை மட்டும் அரித்துவிட்டு இராமபாணப் பூச்சி வெள்ளியாக ஓடியது. பெட்டகத்தின் மூலையில் அந்தக் காலத்தில் போட்ட வசம்புத் துண்டுகள் வாசமற்றுக் கிடந்தன. இத்தகைய நூல்களை வாங்கிய அன்றே பள்ளி அலமாரியில் வைத்துவிட்டால், இருக்கும் நல்ல நூல்களுக்கும் பூச்சி பரவும். முதலில் தனி அறையில் நெகிழிப் பையில் கட்டி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து நிழலில் விரித்து, மெல்லிய தூரிகையால் துடைத்து, இரண்டு மூன்று வாரம் கவனித்த பிறகே உள்ளே கொண்டுபோக வேண்டும். வெயிலில் காயப்போட்டால் பழைய தாள் மேலும் நொறுங்கும். பிள்ளைகள் கைபடும் அலமாரியில் நாப்தலின் உருண்டைகளைப் போடுவதை அடியோடு நிறுத்த வேண்டும். குழந்தைகளின் உடலுக்கு அது கெடுதல்.

பழைய நூல் எல்லாம் பள்ளிக்கு உரியதன்று என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டகத்தில் இருந்தவற்றுள் பிள்ளைகள் படிக்கத்தக்கவை 30கூடத் தேறவில்லை. மற்றவை ஆய்வாளருக்கு உரியவை. எங்கள் ஊர்க்காரர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய நூல்களும் இதழ்களும் அறிக்கைகளும் கிடைத்த இடத்திலெல்லாம் திரட்டி வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தத் தொகுப்பு சிதறாமல் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அப்படி ஒருவர் இருந்த மண்ணில், தெரியாமையால் நாம் ஓர் அரிய நூலை 'கிழிந்தது' என்று எழுதிக் கழித்துவிடக் கூடாது. மேலைச்சிவபுரியில் 1909இல் சன்மார்க்க சபை, காரைக்குடியில் 1917இல் இந்து மதாபிமான சங்கம் என்று, சங்கம் வைத்துப் படித்த பகுதி இது. பாரதியார் 1919இல் அந்தக் காரைக்குடிச் சங்கத்துக்கு வந்திருக்கிறார். அத்தகைய சபைகளின் காலத்து வெளியீடுகளும் இந்தப் பெட்டகங்களில் கிடக்கக்கூடும்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். நன்கொடை வந்தால் எந்தப் பள்ளியும் தனியே முடிவெடுக்காமல் சங்கத்துக்குச் சொல்லட்டும். நம்மில் இருவர் போய்ப் பிரித்து, அரியவற்றை உரியவர் சம்மதத்தோடு ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்பலாம். ஆச்சியிடம் நான் அப்படித்தான் சொன்னேன். "எங்க இருந்தா என்ன, ஐயா பேரு போட்டு வச்சாச் சரி" என்று மட்டும் சொன்னார். பேரேடுகளைக் குடும்பத்தாரே வைத்துக்கொண்டார்கள்.

தலைமையாசிரியர், திருப்பத்தூர் வட்டாரம்

நான் நூலகன் அல்லேன். இந்த இழையை என் பள்ளி ஆசிரியை அனுப்பிவைத்தார். தொடக்கப் பதிவில் வரும் தலைமையாசிரியர் நான் இல்லை. ஆனால் என் பள்ளியிலும் பீரோ சாவி என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

எங்கள் நிலையையும் எண்ணிப் பாருங்கள். நாற்காலி, மேசை, கணினி, விளையாட்டுப் பொருள், நூல் எல்லாம் ஒரே தணிக்கையில் வருகின்றன. நாற்காலி தொலைந்தால் என்ன கேள்வியோ அதே கேள்விதான் நூல் தொலைந்தாலும் வருகிறது. கொடுத்தால்தான் பயன், கொடுத்தால் சில தொலையும் என்ற வேறுபாடு நூலுக்கு உண்டு என்பதை எழுத்தில் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. தேவகோட்டை அம்மா எடுத்துக்காட்டிய விதியை நான் இன்றுதான் அறிகிறேன்.

மேலதிகாரிகளின் ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்றும் தோன்றுகிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழு எங்களிடம் இருக்கிறது. அதில் பெரும்பான்மையோர் பெற்றோர். ஆண்டு முடிவில் இத்தனை நூல் வழங்கினோம், இத்தனை தொலைந்தது, காரணம் இது என்று அக்குழுவின் முன் வைத்துத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், நாளை தணிக்கைக்கு வருபவர் முன் காட்ட ஓர் ஆவணம் இருக்கும். அது முழுப் பாதுகாப்பு ஆகாது என்றாலும், ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் முதல் மேல்நிலைப் பள்ளிக்கு 20,000 ரூபாய் வரை நூலக மானியம் வகுக்கப்பட்டிருக்கிறது. வாங்கும் நூலைப் பெற்றோர் அறிய வாங்கும்போது, தொலைந்த நூலையும் பெற்றோர் அறிய எழுதுவதில் தவறில்லை.

ஜூன் முதல் காலாண்டுத் தேர்வு வரை என் பள்ளியில் இதை நடத்திப் பார்க்க அணியமாக இருக்கிறேன். சங்கத்திலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை வந்து பதிவேட்டைப் பார்த்துத் தந்தால் போதும்.

ஓய்வுபெற்ற நூலகர், தேவகோட்டை

தலைமையாசிரியர் ஐயாவுக்கு நன்றி. மாதம் ஒருமுறை நானே வருகிறேன். தேவகோட்டையிலிருந்து திருப்பத்தூர் போக எனக்கு ஒரு பொழுது போதும்.

வழங்கல் முறையை எழுதும்போது ஒன்றை மறவாதீர்கள். தொலைத்த பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தக் கூடாது, தண்டம் வாங்கக் கூடாது. நான் பணியில் சேர்ந்த புதிதில், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் விலங்குகளைப் பற்றிய படப்புத்தகம் ஒன்றைத் தொலைத்துவிட்டான். வகுப்பாசிரியர் எல்லார் முன்னும் கேட்டார். மறுவாரம் தன் தந்தையோடு வந்து, சைக்கிள் கடையில் வேலை பார்த்த அந்த மனிதரின் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தான். அதன்பின் பத்தாம் வகுப்பு முடியும்வரை நூலகத்தின் வாசற்படியை அவன் மிதிக்கவில்லை. புத்தகம் கிடைத்தது, பணம் திருப்பிக் கொடுத்தேன், ஆனாலும் அவன் வரவில்லை. அந்தப் புத்தகத்தின் விலை 18 ரூபாய்.

மற்றொன்று, சிறு பள்ளிகளுக்கு நூல் சுழற்சி. 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் ஊர் ஊராகப் போயிற்று. ரங்கநாதனே அதைத் தொடங்கி வைத்தார். நமக்கு வண்டி வேண்டாம். 50 புத்தகம் கொள்ளும் தகரப் பெட்டிகள் நான்கு இருந்தால், அருகருகே உள்ள நான்கு தொடக்கப் பள்ளிகளுக்குள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் உள்ளே இருக்கும் நூற்பட்டியலை ஒட்டிவிட வேண்டும். பெறுபவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இருபது முப்பது நூல்களையே ஆண்டு முழுதும் பார்க்கும் பிள்ளைகளுக்கு அது 200 ஆகும்.

பொறுப்பாசிரியை, கானாடுகாத்தான் பக்கம்

பெட்டித் திட்டத்தில் எங்கள் பள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. அருகில் மூன்று தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன, மூவரிடமும் பேசிவிட்டேன். ஒருவர் மட்டும் தம் தலைமையாசிரியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவருக்கு இந்த இழையை அனுப்பியிருக்கிறேன்.

செயலாளர், காரைக்குடி

பொதுக்குழு மே மாத இரண்டாம் ஞாயிறு காலை 10 மணிக்கு. கீழே எழுதியிருப்பவற்றைத் தீர்மான வரைவாக எடுத்து வருகிறேன். திருத்தம் இருந்தால் அதற்குள் இங்கேயே எழுதுங்கள்.

நூலகப் பொறுப்பாசிரியர்களும் உறுப்பினராகலாம் என்னும் விதித் திருத்தம் முதலில் வரும். அது நிறைவேறினால் அன்றே அவர்கள் வாக்களிக்கலாம். அடுத்து, இழப்பை வழங்கலின் அடிப்படையில் கணக்கிடும் நடைமுறையைத் துறை வகுக்க வேண்டும் என்னும் விண்ணப்பம். அதைத் தேவகோட்டை அம்மாவும் திருப்பத்தூர்த் தலைமையாசிரியரும் சேர்ந்து ஒரு பக்கத்துக்குள் எழுதித் தர இசைந்திருக்கிறார்கள். ஜூனில் அந்த ஒரு பள்ளியிலும், கானாடுகாத்தான் பக்கம் நான்கு பெட்டிகளோடும் தொடங்குகிறோம். நவம்பர் 14 அன்று போட்டி இல்லை. வீட்டுக்கு ஒரு நூல். ஆகஸ்ட் 12 நிகழ்ச்சிக்கு ஒதுக்கியிருந்த தொகையில் தகரப் பெட்டி வாங்குவதாக வரைவில் எழுதியிருக்கிறேன். இதற்கு எதிர்ப்பு இருக்கக்கூடும் என்பதால் இதைத் தனித் தீர்மானமாகவே வைக்கிறேன். நன்கொடை நூல் பார்வையிடும் பொறுப்பு கோட்டையூர் அண்ணனுக்கு. அகரவரிசை, ஆசிரியர் பெயர் முறை இரண்டையும் பள்ளத்தூர் நூலகர் அக்டோபருக்குள் எழுதித் தருவார்.

பிற்பகல் 2 மணிக்குத் தையல் பயிற்சி. ஊசி, மெழுகு, கெட்டி நூல் சங்கச் செலவில் வாங்கியாயிற்று. வருபவர் ஒவ்வொருவரும் தத்தம் பள்ளியிலிருந்து பின் கழன்ற ஐந்து புத்தகங்களை எடுத்து வாருங்கள். எடுத்து வரும் முன் வழங்கல் பதிவேட்டில் உங்கள் பெயரில் எழுதிவிட்டு வாருங்கள்.